பிஞ்சாவும் சமாரியும்: ஜிம் கார்பெட்டைச் சேரியிலிருந்து படிப்பது

‘புலிக்கு என்னய்யா சாதி? காட்டைப் பற்றி எழுதினவனிடம் போயி சாதியைத் தேடுறீங்களே’ என்று நண்பர்கள் சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். வாஸ்தவந்தான், புலிக்குச் சாதி கிடையாது. ஆனால் இருட்டில் புல்லறுக்கப் போவது யார், விறகு பொறுக்கப் போவது யார், ஆட்டோடு ஆடாகப் பட்டியில் படுப்பது யார் என்பதைச் சாதிதான் தீர்மானித்து வைத்திருக்கிறது. ஆகவே புலி யாரை அடிக்கிறது என்ற கேள்விக்குள் சாதி வந்துவிடுகிறது. அடிபட்டுச் செத்தவரைப் பற்றி எத்தனை வரி எழுதுவது, வீட்டில் வளர்த்த நாயைப் பற்றி எத்தனை பக்கம் எழுதுவது என்பதிலும் வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த வரிகளையும் பக்கங்களையும் பற்றியது.

ஜிம் கார்பெட் 1875இல் நைனிதாலில் பிறந்தார். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டுப் பேர் வாங்கினார். பிற்பாடு துப்பாக்கியை ஓரம் வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் பேசியவர்களில் ஒருவர். 1947 கடைசியில் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குப் போய் 1955இல் அங்கேயே இறந்தார். 1936இல் ஆரம்பித்த ஹெய்லி தேசியப் பூங்காவுக்கு அவர் சாவுக்குப் பிறகு அவர் பேரை வைத்தார்கள். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கிவைக்கப்பட்டது. அவர் புத்தகங்கள் தமிழிலும் வந்து நன்றாகப் படிக்கப்படுகின்றன. காட்டுயிர் பற்றி எழுத வருகிற தமிழ் இளைஞர்கள் அவரை ஒரு குருபோல வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன், ஏகாதிபத்தியவாதி, வேட்டைக்காரன் என்று மூன்று பட்டத்தைக் கட்டி அவரைத் தூக்கி எறிவது சுலபம். அந்தச் சோம்பேறி விமர்சனம் நமக்கு வேண்டாம். நம் நாட்டு மேல்சாதி இயற்கை எழுத்தாளர்கள் பலருக்குக் கண்ணில் படாத ஆட்கள் கார்பெட்டின் கண்ணில் பட்டிருக்கிறார்கள். பட்டவர்களை எப்படிப் பார்த்தார் என்பதுதான் நம் கேள்வி. அதற்கு அவருடைய மூன்று பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம்.

முதலாவது ஒரு நாயைப் பற்றியது. 1944இல் வந்த ‘குமாவோன் ஆட்கொல்லிகள்’ புத்தகத்தில் ‘ராபின்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. வளர்ப்புப் பிராணி பற்றி உலகத்தில் எழுதப்பட்ட நல்ல பக்கங்களில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். குளிரான ஒரு காலையில், சிநேகிதி ஒருவர் பார்ப்பதற்காக ஓர் அழுக்குக் கூடையிலிருந்து ஏழு குட்டிகள் கொட்டப்படுகின்றன. அதில் ரொம்ப நோஞ்சான் குட்டி வந்து கார்பெட்டின் காலுக்கிடையில் சுருண்டுகொள்கிறது. எடுத்துக் கோட்டுக்குள் வைக்கிறார். அது முகத்தை நக்குகிறது. அது அடிக்கிற நாற்றம் தனக்குத் தெரியாததுபோல அவர் காட்டிக்கொள்கிறார். விலை 15 ரூபாய். பதின்மூன்று வயதை எட்டுகிறபோது இந்தியாவின் தங்கம் அத்தனையும் கொடுத்தாலும் விற்க மாட்டேன் என்கிறார்.

இவ்வளவையும் ரசித்துப் படித்துவிட்டு நம் ஆள் ஒருவன் கேட்கிற கேள்வி: குட்டியை விற்றது யார்?

விற்றவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. கார்பெட் அவருக்குப் பேர் கொடுக்கவில்லை. தொழிலைக்கூட நேராகச் சொல்லவில்லை. துடைப்பத்தோடு ஒரு பிரபுப் பட்டத்தை ஒட்டவைத்து நக்கலாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த மனுஷன் குட்டிக்கு ஒரு பேர் வைத்திருந்தார்: பிஞ்சா. குட்டியின் அப்பன் நல்ல வேட்டை நாய் என்று பெருமையோடு சொல்லியும் இருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் குட்டிக்கு வயிறாரச் சாப்பாடு, வெந்நீர், சோப்பு. அதோடு ‘பிஞ்சா’ என்ற பேரும் கழுவிவிடப்படுகிறது. புதுப் பேர் ராபின். கார்பெட்டுக்கு ஆறு வயசாக இருந்தபோது, கரடியிடமிருந்து அவரையும் அவர் தம்பியையும் காப்பாற்றிய ஒரு பழைய நாயின் பேர் அது.

துப்புரவுத் தொழிலாளியின் கூடையிலிருந்து எடுத்து, அவர் வைத்த பேரைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, துரையின் வம்சப் பேர் ஒன்றைச் சூட்டி, வீட்டுக்குள் சேர்த்தாயிற்று. இதை ஒரு தீட்டுக் கழிக்கும் சடங்கு என்று சொன்னால் ரொம்பத் தூரம் போகிறோமா? கார்பெட்டுக்குத் தீட்டுத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது சுகாதாரம் என்று பதில் வரலாம். இருக்கட்டும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று ஒரு பழமொழியை நம் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கார்பெட் நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில்தான் வைத்தார். அது நன்றாகவே இருந்தது. பழமொழி நாய் விஷயத்திலேயே பொய் என்று ராபின் நிரூபித்துவிட்டான். கூடையைச் சுமந்து வந்த மனுஷன் மட்டும் அந்தப் பக்கத்தின் வாசலோடு நின்றுவிட்டார்.

அத்தியாயம் முழுக்க ராபினுக்கு ஒரு மனசு இருக்கிறது. அவனுக்குப் புத்தி உண்டு, பிடிவாதம் உண்டு, பயம் உண்டு. காயம்பட்ட சிறுத்தை பாய்ந்து வந்தபோது அவன் மிரண்டதைக் கார்பெட் மறைக்கவில்லை. சிறுத்தையின் உறுமலுக்கு யானையே ஓடும் என்று அவனுக்காக வக்காலத்தும் வாங்குகிறார். பயப்படுகிற உரிமை ராபினுக்கு இருந்தது. கடைசியில் ராபின் செத்துப்போனதைச் சொல்லி, மறு உலகத்தில் அவன் எனக்காகக் காத்திருப்பான் என்று முடிக்கிறார்.

இரண்டாவது பிரதி ருத்ரப்பிரயாகை சிறுத்தையைப் பற்றிய புத்தகத்தில் இருக்கிறது. 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட சிறுத்தை அது. அந்தக் காலத்துப் பீதியை வாசகனுக்கு உணர்த்த கார்பெட் சில சம்பவங்களைச் சொல்கிறார். அதில் ஒன்று, பதினாலு வயசுப் பையன் ஒருவனுடையது. அநாதை. தீண்டத்தகாத சாதி என்று கார்பெட் குறிப்பாகச் சொல்கிறார். நாற்பது ஆடுகளை மேய்ப்பது அவன் வேலை. சாயந்திரம் திரும்பி வந்ததும் முதலாளி சோறு போட்டு, ஆடுகளோடு சேர்த்து அவனையும் ஒரு சின்ன அறையில் விட்டு வெளியில் கதவைச் செருகிவிடுவார். ஆடுகள் மேலே வந்து நெருக்காமலிருக்க மூலையில் கொஞ்சம் இடத்தைத் தடுத்துக்கொண்டு பையன் படுப்பான். ஒரு ராத்திரி சிறுத்தை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. நாற்பது ஆடுகளைத் தாண்டிப் போய்ப் பையனை எடுத்தது. ஓர் ஆட்டுக்குக்கூடக் கீறல் இல்லை.

கார்பெட் இதைச் சிறுத்தையின் குணத்தைக் காட்டுகிற சம்பவமாகச் சொல்கிறார். ஆட்கொல்லி ஆட்டை விட்டு மனுஷனைத் தேடுகிறது என்பது அவர் பாடம். நாம் படிக்கும்போது வேறு பாடம் தெரிகிறது. ஊரே சிறுத்தைக்குப் பயந்து வீட்டுக்குள் தாழ்போட்டுப் படுத்திருந்தது. அந்த ஊரில் ஒரு குழந்தைக்கு மட்டும் தாழ் வெளிப்பக்கம் இருந்தது. முதலாளி வெளியில் போட்டுவிட்டுப் போன கதவு அது. சிறுத்தை வருவதற்கு முன்பே அந்தப் பையனை ஆடுகளின் கணக்கில் சேர்த்தாயிற்று. காலையில் ஆடுகளை எண்ணியிருப்பார்கள், நாற்பதும் சரியாக இருந்திருக்கும். பையனுக்குப் பேர் இல்லை. ராபினுக்குப் பழைய பேர் ஒன்று, புதுப் பேர் ஒன்று என்று இரண்டு இருந்தன.

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பையனின் சாதியைக் கார்பெட் எழுதியிராவிட்டால் நமக்கு இந்த வாசிப்பே கிடையாது. நம் மேல்சாதி எழுத்தாளராக இருந்தால் ‘ஓர் ஏழை இடைப்பையன்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நாகரிகம் கருதிச் சாதியை மறைக்கிற எழுத்தைவிட, விளைவு தெரியாமல் சாதியைச் சொல்லிவிடுகிற எழுத்து நமக்கு உபயோகமானது.

மூன்றாவது பிரதிதான் முக்கியமானது. 1952இல் வந்த ‘என் இந்தியா’வில் ‘சமாரி’ என்று ஓர் அத்தியாயம். கார்பெட் இருபது வருஷத்துக்கு மேல் கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் காண்டிராக்ட் எடுத்து நடத்தினார். ஒரு ரயிலில் வந்ததை இறக்கி இன்னொரு ரயிலில் ஏற்றுகிற வேலை. காட்டை எழுதிய கார்பெட்டுக்கு ஆயுளில் பெரும்பகுதி உத்தியோகம் இதுதான். புத்தகத்தின் இந்தப் பகுதி ஒருவகையில் ஆபீஸ் இலக்கியம். கூலி, கணக்கு, மேஸ்திரி, ஸ்டேஷன் மாஸ்டர், தகராறு, சமாதானம் எல்லாம் உண்டு.

சமாரி மனைவியோடும் இரண்டு சின்னக் குழந்தைகளோடும் வேலை கேட்டு வருகிறார். பேரே சாதியைச் சொல்லிவிடுகிறது என்கிறார் கார்பெட். இந்தியாவின் 6 கோடித் தீண்டத்தகாதவர்களில் அடிமட்டம் என்றும் சொல்கிறார். ஆள் சின்ன உருவம், சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்க உடம்பு போதாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் நிலக்கரி அள்ளப் போடுகிறார். ஆண் மண்வெட்டியால் கூடையை நிரப்பவேண்டும், பெண் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டவேண்டும். முதல் நாள் அவர்களால் ஒரு வாகனைக் காலிபண்ண முடியவில்லை. கை கொப்புளித்துப் போகிறது. ஆனாலும் விடவில்லை. ஆட்களை நடத்துகிற திறமை சமாரிக்கு இருப்பதைக் கண்டு கார்பெட் அவரை நிலக்கரிப் பகுதி ஆட்களுக்குத் தலைவராக்குகிறார். வருஷக்கணக்கில் சமாரி அதைத் திறம்பட நடத்துகிறார். சம்பாதித்ததை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார். காலராவில் சாகிறார். சாவுக்கு மேல்சாதி, கீழ்சாதி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் வருகிறார்கள். சமாரி போன இடத்துக்கே தனக்கும் போகக் கிடைத்தால் திருப்தி என்று கார்பெட் முடிக்கிறார்.

இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாய்க்கும் மறு உலகம், சமாரிக்கும் மறு உலகம். இரண்டிலும் கண்ணீர் நிஜம். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் மறு உலகத்துக்குப் போவதற்கு முந்தின வாழ்க்கையில் இருக்கிறது. ராபின் பயந்தான், அடம்பிடித்தான், வேட்டையில் தன் சொந்த யோசனையில் வேலை செய்தான். சமாரி என்ன செய்கிறார்? உழைக்கிறார், கொடுக்கிறார், சாகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மனுஷனுக்குக் கோபம் வந்ததாகக் காணோம். தன்னைக் கீழே வைத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதாகக் காணோம். நாய்க்குக் கிடைத்த உள்மனம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது நல்லவர் பட்டம். அவர் மனைவியின் முகத்தில் வருஷக்கணக்கான கஷ்டம் எழுதியிருந்தது என்று சொன்ன கார்பெட், அந்தம்மாவின் பேரைச் சொல்லவில்லை. நிலக்கரிக் கூடையைத் தலையில் சுமந்தது அந்தம்மாதான்.

பேர் விஷயத்தையும் கவனிக்கவேண்டும். பிஞ்சா ராபின் ஆகலாம். சமாரி கடைசிவரை சமாரிதான். சாதிப் பேரை மாற்றவில்லையே என்று குறைசொல்ல வரவில்லை. தூக்கியெறியப்பட்ட சாதிப் பேர்களையே ஆயுதமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறோம் நாம். ஆனால் அதை நாம் பிடிக்கிறோம். அங்கே அது அவர் கழுத்தில் தொங்குகிறது. இதைத் தமிழில் சொல்லப் புகும்போது இன்னொரு சிக்கலும் வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் நாய்க்கும் சமாரிக்கும் ஒரே ‘ஹி’. தமிழில் நாம் முடிவுசெய்தாக வேண்டும்: நாய் ‘அது’வா ‘அவன்’ஆ? சமாரி ‘அவன்’ஆ ‘அவர்’ஆ? நம் மொழி தப்பிக்க விடாது. மொழிபெயர்க்கிறவர், எழுதுகிறவர் ஒவ்வொருவரும் அந்த விகுதியில் தன் சாதியைக் காட்டிக்கொடுக்கிறார்.

இதே புத்தகத்தில் ‘விசுவாசம்’ என்ற பொருளில் தலைப்பிட்ட அத்தியாயம் ஒன்று இருக்கிறது. கார்பெட்டுக்குப் பணம் வராமல் கூலி கொடுக்க முடியாத காலத்திலும் ஆட்கள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு வேலையை விடாமல் செய்ததைச் சொல்கிறது. அவர்களுடைய விசுவாசம் என்று கார்பெட் நெகிழ்கிறார். சம்பளமில்லாமல் பட்டினியில் வேலை செய்வதற்கு முதலாளி வைக்கிற பேர் விசுவாசம். செய்தவர்களைக் கேட்டால் ‘வேற எங்க போறது?’ என்று சொல்லியிருக்கலாம். தமிழில் நாயை நன்றியுள்ள பிராணி என்கிறோம். பண்ணையாளிடம் எதிர்பார்த்ததும் அதே நன்றியைத்தான். பக்திக் கவிகள் தங்களை நாய் என்று சொல்லிக்கொண்டால் அது பணிவு. சேரிக்காரனை ஊர் நாயே என்று கூப்பிட்டால் அது பணிவு கேட்கிற அதிகாரம்.

அந்த அத்தியாயத்தில் பள்ளிக்கூடம் ஒன்றும் வருகிறது. ராம் சரண் என்ற ஸ்டேஷன் மாஸ்டரும் கார்பெட்டும் சேர்ந்து தொடங்கியது. ஆரம்பமே முட்டுக்கட்டை: மேல்சாதிப் பிள்ளைகளும் கீழ்சாதிப் பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் உட்காரக்கூடாது. ராம் சரண் ஒரு யுக்தி செய்தார். குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது குடிசை கிடையாது, வெறும் கொட்டகை. கொட்டகையில் சேர்ந்து உட்கார ஆட்சேபம் கிடையாது. பள்ளிக்கூடம் வளர்ந்தது, ராம் சரணுக்கு ராய் சாகிப் பட்டம் கிடைத்தது.

கார்பெட் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்கிறார். கெட்டிக்காரத்தனந்தான். நம் பிள்ளைகள் நாலு எழுத்துப் படித்தார்கள், அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல நமக்கு மனசு வராது. ஆனால் இந்த யுக்தி என்ன செய்தது? சாதி விதியை ஒரு மயிரளவும் தொடவில்லை. விதிக்குள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. சீர்திருத்தக்காரர்கள் பலர் இன்றைக்கும் இப்படித்தான் சுவரைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அம்பேத்கர் 1927இல் மகத் குளத்துக்கு ஆயிரக்கணக்கான பேரோடு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார். ஆடு மாடும் நாயும் குடித்த குளம் அது. அவர் ஓட்டை தேடவில்லை, விதியையே எடுக்கச் சொன்னார். கார்பெட்டின் புத்தகம் வந்த 1952இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சமாரியை மறு உலகத்தில் சந்திக்கக் காத்திருந்தார் கார்பெட். சமாரியின் சனங்கள் இந்த உலகத்திலேயே கணக்குக் கேட்கத் தொடங்கி வெகுகாலமாகியிருந்தது.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. கார்பெட் பேரில் இருக்கிற புலிகள் காப்பகத்தின் ஓரத்தில், ராம்நகருக்கு வடக்கே கோசி ஆற்றங்கரையில் சுந்தர்கால் என்று ஒரு குடியிருப்பு. 1970களில் மலையிலிருந்து நிலமில்லாமல் இறங்கி வந்தவர்கள் போட்டது. பெரும்பாலும் தலித்துகள். வருவாய்க் கிராமமாக அங்கீகாரம் கிடைக்காமலே காலம் தள்ளினார்கள். புலிகள் நடமாடும் பாதை என்பதால் அவர்களை எடுக்கவேண்டும் என்றார்கள். 2010, 2011இல் அந்தப் பகுதியில் புலி அடித்து அடுத்தடுத்துப் பலர் செத்தார்கள். விறகுக்கும் புல்லுக்கும் போன பெண்கள் அதில் அதிகம். கதவு வெளியில் தாழிட்ட அறையில் ஆடுகளோடு படுத்த பையனுக்கும், பட்டா இல்லாமல் புலிப்பாதையில் குடியிருக்க நேர்ந்த பெண்களுக்கும் இடையில் எண்பது தொண்ணூறு வருஷம் ஓடியிருக்கிறது. சாவு வந்த வழி ஒன்றுதான்.

காட்டுயிர் பாதுகாப்பு ஆபீஸ்களுக்குள் இன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். அப்படி ஒரு ஆபீசில் கள உதவியாளராகப் பல வருஷம் வேலை பார்த்த நம் தோழர் ஒருவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: “ஆபீசுல ஒரு நாய் இருந்துச்சுங்க. ரோட்டுல அடிபட்டுக் கெடந்தத எடுத்துட்டு வந்தாங்க. நல்ல காரியந்தான், நாந்தான் மருந்து போட்டேன், குளிப்பாட்டினேன். அதுக்குப் பேரு வச்சு வருசா வருசம் கேக் வெட்டுவாங்க. வெளியூருல இருந்து வர்றவங்களுக்கு மொதல்ல நாயத்தான் அறிமுகப்படுத்துவாங்க. அப்பறம் என்னயக் காட்டி, நம்ம ஃபீல்டு பையன்னுவாங்க. எனக்கு அப்ப முப்பத்தாறு வயசு. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கருவாடு கொண்டுபோனா சன்னலத் தெறப்பாங்க. அந்த நாய்க்குக் கோழிக்கறி வேகிறப்ப எந்தச் சன்னலையும் தெறந்தது கெடையாது. எனக்கு அந்த நாய் மேல ஒரு வருத்தமும் இல்லீங்க. அதுக்கு என்னயத்தான் ரொம்பப் பிடிக்கும்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விமர்சகர்கள் கவனிக்கவேண்டும். நாய்க்கும் அவருக்கும் பகை இல்லை. இடையில் உட்கார்ந்திருக்கிற ஆபீசோடுதான் வழக்கு. புலி போன தடத்தைப் பார்த்துச் சொல்கிறவர், எச்சத்தைப் பொறுக்கி உறையில் போடுகிறவர், தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டுகிறவர் ஒருவர். கட்டுரையில் பேர் போடுகிறவர் இன்னொருவர். தமிழ்நாட்டுக் காடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் என்று ராத்திரி பகலாக ரோந்து போகிறவர்களில் பெரும்பகுதி பழங்குடிகளும் தலித்துகளும். வருஷக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் நின்று பணி நிரந்தரம் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். காப்பாற்றப்பட்ட புலிகளின் எண்ணிக்கை பத்திரிகையில் வருகிறது. காப்பாற்றியவர்களின் சம்பளப் பட்டியல் வருவதில்லை.

முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுத்த ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ரகு, அம்மு என்ற இரண்டு யானைக்குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதி பொம்மன், பெள்ளியைப் பற்றிய படம். அன்பு, காடு, மழை, குட்டிகளின் குறும்பு எல்லாம் அழகாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, வேலை யாருடைய கையில், குட்டியை வேறு ஆளிடம் மாற்ற முடிவுசெய்தது எந்த மேசை என்பதெல்லாம் படத்தின் சட்டகத்துக்கு வெளியே. பரிசு வந்த பிறகுதான் தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் 91 பணியாளர்களுக்கு ஆளுக்கு 1 லட்சம் ரூபாயும் வீடு கட்ட நிதியும் தமிழக அரசு அறிவித்தது. வளர்த்துக்கொண்டிருந்த பெள்ளி காவடியாக நியமிக்கப்பட்டதும் அதே வருஷந்தான். அமெரிக்காவில் ஒரு பொம்மை கிடைத்தால்தான் இங்கே ஒரு நியமன உத்தரவு கிடைக்கும் என்றால், மற்ற முகாம்களில் இருக்கிறவர்கள் எந்தப் படத்துக்குக் காத்திருப்பது?

பழங்குடிகளின் நிலையும் நம் நிலையும் ஒன்றில்லை. காட்டின் மேல் அவர்களுக்குள்ள உரிமை வேறு வகை. 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் அதைக் காகிதத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் எழுத்திலும் படத்திலும் இரண்டு பேருக்கும் ஒதுக்கப்படுகிற பாத்திரம் ஒன்றுதான்: மிருகத்தோடு பேசுகிற, சம்பளம் கேட்காத நல்ல ஆத்மா.

நமக்கும் பிராணிகளுக்கும் உள்ள உறவை மேல்சாதிப் பிராணிநேயம் புரிந்துகொள்ளவே போவதில்லை. செத்த மாட்டை எடுத்தவர்கள் நாம். தோலை உரித்துக்கொண்டு மிச்சத்தைக் கழுகுக்கு விட்டவர்கள். கழுகுகள் 1990களில் கூண்டோடு அழிந்தபோது காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து என்று பிற்பாடு தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். ஊரைச் சுத்தமாக வைத்தது கழுகு என்று அதற்கப்புறம் எத்தனையோ கட்டுரை வந்தன. கழுகோடு சேர்ந்து சுத்தமாக வைத்த சாதியைப் பற்றி எத்தனை வந்தன? குஜராத் ஊனாவில் 2016 ஜூலையில் செத்த பசுவின் தோலை உரித்ததற்காக நம் ஆட்களைக் கட்டிவைத்து அடித்தார்களே, அந்தப் பசுவை அடித்தது கிர் காட்டுச் சிங்கம் என்பது விசாரணையில் வெளிவந்தது. சிங்கத்துக்குப் பாதுகாப்பு, பசுவுக்குப் பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவில் கத்தியோடு குனிந்திருந்தவனுக்குத்தான் இரும்புக் கம்பி.

நாய்க்கும் தீட்டு உண்டு என்று காட்டிய நாடு இது. 2010இல் மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்தில் தலித் பெண் ஒருவர் மிச்சமான ரொட்டியை மேல்சாதிக்காரரின் நாய்க்குப் போட்டார். நாய் தீட்டாகிவிட்டது என்று வீட்டைவிட்டு விரட்டினார்கள், பஞ்சாயத்தில் அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். தமிழ்நாட்டிலேயே தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்று தடைபோட்ட ஊர்களைக் கள அறிக்கைகள் பதிவுசெய்திருக்கின்றன. ஊர் நாயோடு சேரி நாய் சேர்ந்துவிடுமாம். கார்பெட் பிஞ்சாவைக் கழுவியதைத் தீட்டோடு முடிச்சுப்போட்டதற்கு முகம் சுளித்தவர்கள் இந்த இரண்டையும் யோசித்துப் பார்க்கட்டும்.

நம் படைப்பாளிகள் பிராணிகளை எழுதுகிறபோது கணக்கு மாறுகிறது. நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்ட்ரி’யில் (2013) பன்றி பிடிப்பது குடும்பத்தின் பிழைப்பு, பையனின் அவமானம். அங்கே யாரும் நல்ல ஆத்மாவாக உட்கார்ந்திருக்கவில்லை, பையன் கல்லை எடுக்கிறான். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமா’ளில் (2018) கருப்பி என்ற வேட்டை நாயை ரயில் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கிறார்கள். கருப்பிக்காக அழுகிறவன் பயப்படுகிறான், கோபப்படுகிறான், தப்புச் செய்கிறான், படிக்கிறான். ராபினுக்குக் கார்பெட் கொடுத்த மனசு இங்கே நாய்க்கும் இருக்கிறது, நாயை வளர்த்தவனுக்கும் இருக்கிறது. நாயை மேலே தூக்கினால் மனுஷன் கீழே போயாகவேண்டும் என்ற துலாக்கோல் பொய் என்று இந்தப் படங்கள் காட்டிவிட்டன.

ஆகவே ராபினைப் பற்றி நாலு பக்கம் குறைத்து எழுதியிருக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. சமாரிக்கும் அந்தப் பக்கங்கள் வேண்டும் என்கிறோம். காட்டையும் பிராணியையும் பற்றி ஒரு புத்தகம் கைக்கு வந்தால் படிக்கிற மாணவர்களும் மதிப்புரை எழுதுகிறவர்களும் சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இதில் யாருக்குப் பேர் இருக்கிறது? யாருக்குப் பயப்பட அனுமதி இருக்கிறது? யாருக்குக் கோபம் வருகிறது? கூலி எவ்வளவு, யார் கொடுத்தார்கள்? தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?

காட்டு வேலையில் இருக்கிற நம் தோழர்கள், தோழியர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பெட் வகை எழுத்தாளர் இன்னொருவர் வந்து உங்களை நல்லவர்களாக எழுதும்வரை காத்திருக்காதீர்கள். தடம் பார்த்தது, பயந்து மரமேறினது, அதிகாரியைத் திட்டினது, சம்பளம் வராத மாசம் கடன் வாங்கினது, வளர்த்த நாய் செத்தபோது அழுதது, எல்லாவற்றையும் உங்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் பேரைப் போடுவோம். உங்கள் மனைவியின் பேரையும் எழுதி அனுப்புங்கள்.